பதினான்கு நாள்களின் செலவு யாருடையது?

2020 பிப்ரவரி 1ஆம் நாள் காலை, சீனாவின் வூஹான் நகரிலிருந்து 324 இந்தியர்களை ஏற்றிக்கொண்டு ஏர் இந்தியாவின் போயிங் 747 விமானம் தில்லியில் தரையிறங்கியது. அவர்களுள் பெரும்பாலோர் மாணவர்கள். மறுநாள் வந்த இரண்டாவது விமானத்தில் 323 இந்தியர்களும் மாலத்தீவினர் 7 பேரும் இருந்தனர். விமான நிலையத்திலிருந்து அவர்கள் நேராக மானேசரில் இராணுவம் அமைத்திருந்த முகாமுக்கும், சாவ்லாவில் இந்தோ–திபெத் எல்லைக் காவல் படையின் முகாமுக்கும் கொண்டு செல்லப்பட்டனர். இரு வாரங்கள் கழித்து, தொற்று இல்லை என்று உறுதியான பின் வீடு திரும்பினர். விமானத்துக்கோ கட்டிலுக்கோ உணவுக்கோ எவரிடமும் கட்டணம் கேட்கப்படவில்லை.

அதே ஆண்டு மே 7ஆம் நாள் இரவு, அபுதாபியிலிருந்து 177 பயணியரும் 4 கைக்குழந்தைகளும் கொச்சிக்கு வந்து சேர்ந்தனர். ‘வந்தே பாரத்’ திட்டத்தின் முதல் விமானங்களுள் அது ஒன்று. பயணச்சீட்டுக்கு அவரவரே பணம் செலுத்தியிருந்தனர். இரண்டு நாள்களுக்கு முன் உள்துறை அமைச்சகம் வெளியிட்ட நெறிமுறை, பயணச் செலவைப் பயணியே ஏற்க வேண்டும் என்றது. நாட்டில் இறங்கிய பின் 14 நாள் தனிமைப்படுத்தலையும் மாநிலங்கள் கட்டண அடிப்படையில் ஏற்பாடு செய்யலாம் என்றது.

நோய் ஒன்றே. குடிமக்களும் ஒரே நாட்டினர். இடையில் கழிந்தவை மூன்று மாதங்கள். இந்த மூன்று மாதங்களுக்குள் தனிமைப்படுத்தல் என்பது அரசு நிறைவேற்றும் பொதுச் சுகாதாரக் கடமை என்ற நிலையிலிருந்து, பயணி விலை கொடுத்து வாங்கும் சேவை என்ற நிலைக்கு மாறிவிட்டது. அம்மாற்றம் பெரிய விவாதம் ஏதுமின்றி நடந்தேறியது. பெருந்தொற்றுக் காலத்து மீட்பு நடவடிக்கைகள் பற்றி இன்று எழுதப்படும் பாராட்டுரைகள் விமானங்களை எண்ணுகின்றன, கப்பல்களை எண்ணுகின்றன. விமானம் இறங்கிய பிறகு வந்த பதினான்கு நாள்கள் அந்தக் கணக்கில் இடம்பெறுவதில்லை. ஆனால் தொற்றுக்கால மீட்பின் நியாயமும் அநியாயமும் தீர்மானிக்கப்பட்டது அந்த நாள்களில்தான்.

போர்க்கால மீட்பும் தொற்றுக்கால மீட்பும் ஒரே வகையைச் சேர்ந்தவை போலத் தோன்றும். 1990இல் ஈராக் குவைத்தை ஆக்கிரமித்தபோது, ஜோர்டானின் அம்மான் வழியாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் வான்வழியே கொண்டுவரப்பட்டனர். 2015இல் யேமன் போரின்போது ‘ராஹத்’ நடவடிக்கை நடந்தது. இவ்விரண்டிலும் ஆபத்து என்பது விட்டுவிட்டு வந்த ஊரில் இருந்தது. விமானத்தில் ஏறியவர் ஆபத்தைக் கடந்தவர். மும்பையிலோ கொச்சியிலோ காலை வைத்தவுடன் மீட்பு முடிந்துவிடும். அதற்குப் பின் உறவினரின் அணைப்பும் ஊருக்குச் செல்லும் பேருந்தும்தான்.

தொற்றுக்காலத்தில் மீட்கப்படுபவர் இரு வேடங்களைச் சுமக்கிறார். ஆபத்திலிருந்து காக்கப்பட வேண்டியவரும் அவரே. ஆபத்தைக் கொண்டுவரக் கூடியவர் என்று ஐயுறப்படுபவரும் அவரே. ஆகவே இம்மீட்பு மூன்று கண்ணிகளால் ஆனது: புறப்படுமுன் யாரை ஏற்றுவது என்னும் தேர்வு, பயணத்தின்போது ஒருவரிடமிருந்து ஒருவரைக் காப்பது, இறங்கிய பின் ஊராரோடு கலக்காமல் வைத்திருப்பது. ஒரு கண்ணி தளர்ந்தாலும் மற்ற இரண்டும் வீண்.

முதல் கண்ணியின் கடினத்தை ஈரான் காட்டியது. 2020 மார்ச்சில் அங்கே யாத்திரிகர்களும் மாணவர்களும் மீனவர்களுமாக ஆயிரக்கணக்கான இந்தியர்கள் இருந்தனர். புணேயிலுள்ள தேசிய நச்சுயிரியல் நிறுவனத்தின் அறிவியலாளர்களை உள்ளடக்கிய குழு ஈரானுக்கே அனுப்பப்பட்டது. சோதனை செய்து, தொற்று இல்லாதோரை மட்டும் அழைத்துவருவது திட்டம். மார்ச் 10ஆம் நாள் 58 பேருடன் விமானப்படையின் சி-17 விமானம் ஹிண்டன் தளத்துக்கு வந்தது. மார்ச் 15ஆம் நாள் 234 பேர் வந்து சேர்ந்தனர். அவர்களுக்கு ஜெய்சல்மேரில் இராணுவம் முகாம் அமைத்திருந்தது. அறிவியல் நோக்கில் இது பிழையற்ற முறை. ஆனால் அந்த வாரமே, ஈரானிலுள்ள இந்தியர்களுள் 255 பேருக்குத் தொற்று உறுதியாகியுள்ளது என்று வெளியுறவு அமைச்சகம் மக்களவையில் தெரிவித்தது. தொற்று இல்லாதோருக்கு விமானம். தொற்று கண்டோருக்கு அந்நிய நாட்டில் காத்திருப்பு. மருத்துவ உதவி யாருக்கு மிகுதியாகத் தேவைப்பட்டதோ, அவர்களே வரிசையின் கடைசிக்குச் சென்றனர்.

நோயுற்றவரை நோயற்றவரோடு ஒரே விமானத்தில் ஏற்றியிருக்க வேண்டும் என்று எவரும் சொல்ல முடியாது. சோதனை செய்து பிரிப்பது, பிரிக்கப்பட்டவருக்கான திட்டத்தோடு சேர்ந்தே வர வேண்டும் என்பதுதான் இங்குள்ள வாதம். எந்த மருத்துவமனையில் சேர்ப்பது, மொழி தெரிந்த ஒருவரை உடன் வைப்பது, குணமான பின் எந்த நாளில் அழைத்துவருவது ஆகியவையும் மீட்பின் பகுதிகளே. ‘இல்லை’ என்று ஒருவரிடம் சொல்லும் அரசு, ‘எப்போது’ என்பதையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டது.

யார் முதலில் என்னும் கேள்விக்கு நோய் மட்டுமே விடையளிக்கவில்லை. தென் ஈரானின் துறைமுகங்களிலும் தீவுகளிலும் ஒப்பந்தத்துக்கு மீன்பிடிக்கச் சென்ற நூற்றுக்கணக்கான தமிழ்நாட்டு மீனவர்கள் அப்போது வேலையிழந்து படகுகளிலும் தங்குமிடங்களிலும் முடங்கியிருந்தனர். கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஊர்கள் அவர்களுக்காக மனு மேல் மனு கொடுத்துக்கொண்டிருந்தன. பந்தர் அப்பாஸ் துறைமுகத்திலிருந்து ஐ.என்.எஸ். ஜலாஷ்வா 687 பேருடன் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தது ஜூலை 1ஆம் நாளில். அதில் பெரும் பகுதியினர் மீனவர்கள். மார்ச்சு மாதத்தில் விமானம், ஜூலையில் கப்பல். இடைப்பட்ட மூன்றரை மாதங்களில் அந்த வீடுகளில் வருவாய் இல்லை. ஊரில் இருந்தவர்கள் தொலைபேசிக்காகக் காத்திருந்தனர். பெருநகர விமான நிலையத்துக்கு எளிதில் வந்து சேரக்கூடியவரும், ஊடகத்தில் குரல் எழுப்பத் தெரிந்தவரும் எந்த நாட்டின் மீட்புப் பட்டியலிலும் மேலேறிவிடுவர். ‘வந்தே பாரத்’ நெறிமுறை இதை உணர்ந்தே எழுதப்பட்டது எனலாம்: வேலையிழந்த தொழிலாளர், குறுகிய கால விசாவில் சென்றவர், நோயாளிகள், கருவுற்ற பெண்கள், முதியோர், நெருங்கிய உறவினரை இழந்தோர், மாணவர் என முன்னுரிமை வகுத்தது. ஆனால் அந்தப் பட்டியலில் முதலில் நின்ற வேலையிழந்த தொழிலாளியே அபுதாபியிலிருந்து கொச்சிக்கு ஏறத்தாழ 15,000 ரூபாய் கொடுத்துச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. முன்னுரிமை தாளில் இருந்தது. அதைப் பயன்படுத்தப் பணம் வேண்டியிருந்தது.

இரண்டாம் கண்ணி பயணம். விமானத்தின் நடு இருக்கை காலியாக விடப்பட வேண்டுமா என்னும் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது நினைவிருக்கலாம். மே 25ஆம் நாள் நீதிமன்றம், ஏற்கெனவே பதிவான இருக்கைகளுக்காக ஜூன் 6 வரை நடு இருக்கையை அனுமதித்தது; அதே வேளை, விமான நிறுவனத்தின் நலத்தைவிட மக்களின் நலமே அரசின் கவலையாக இருக்க வேண்டும் என்றும் அறிவுறுத்தியது. கடற்படையின் ‘சமுத்திர சேது’ நடவடிக்கையில் மாலே, கொழும்பு, பந்தர் அப்பாஸ் துறைமுகங்களிலிருந்து மொத்தம் 3,992 பேர் அழைத்துவரப்பட்டனர். போர்க்கப்பல்களின் உட்புறத்தைப் பயணிகள் பகுதி, மாலுமிகள் பகுதி என்று பிரித்து, குளியலறைகளையும் உணவிடங்களையும் தனித்தனியாக்கி, காற்றோட்டத்தைச் சீரமைத்து இப்பயணங்கள் நடந்தன. பாராட்டத்தக்க பணி அது.

மூன்றாம் கண்ணிதான் வலுவிழந்தது. தனிமைப்படுத்தல் என்றால் ஒரு கட்டில் என்றே பொதுவாக எண்ணப்படுகிறது. உண்மையில் அது ஓர் அறை, ஒரு கழிவறை, ஒரு கடிகாரம் ஆகிய மூன்றும் சேர்ந்தது. மானேசரில் முகாம் பல பிரிவுகளாகப் பகுக்கப்பட்டது. ஒவ்வொரு பிரிவிலும் அதிகபட்சம் 50 பேர். ஒரு பிரிவினர் மற்றொரு பிரிவினரோடு கலக்காதிருக்க விதிகள் இருந்தன. காரணம் எளிது. 300 பேர் ஒன்றாகக் கலந்து வாழும் இடத்தில் பத்தாம் நாள் ஒருவருக்குத் தொற்று கண்டால், 300 பேருக்கும் பதினான்கு நாள் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். சிறு குழுக்களாகப் பிரித்தால் அந்தக் குழுவுக்கு மட்டுமே கடிகாரம் திருப்பி வைக்கப்படும். பொதுக் கழிவறை உள்ள மாணவர் விடுதியில் நாற்பது பேரைத் தங்கவைத்தால், அது தொற்றைத் தடுக்கும் இடமாக இல்லாமல் தொற்றைப் பகிரும் இடமாகிவிடும்.

இதற்கு உலகறிந்த சான்று ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் நிறுத்தப்பட்ட ‘டயமண்ட் பிரின்சஸ்’ கப்பல். அதில் இருந்த 3,711 பேருள் 712 பேருக்குத் தொற்று ஏற்பட்டது. பயணிகள் தத்தம் அறைகளுக்குள் ஒதுங்கியிருந்தனர். அவர்களுக்கு உணவு கொண்டுசென்றவர்கள் கப்பல் ஊழியர்கள். அவர்களுள் இந்தியர் நூற்றுக்கும் மேற்பட்டோர். ஊழியர்கள் அறையைப் பகிர்ந்து உறங்கினர், ஒன்றாக உண்டனர், வேலையைத் தொடர்ந்தனர். பயணிக்குத் தனிமை கிடைத்தது, அதைச் சாத்தியமாக்கிய ஊழியருக்குக் கிடைக்கவில்லை. பின்னர் பிப்ரவரி 27ஆம் நாள் 119 இந்தியர்கள் தோக்கியோவிலிருந்து தில்லிக்கு அழைத்துவரப்பட்டு மானேசர் முகாமில் வைக்கப்பட்டனர். ஒரே கப்பலில் இரு வகைத் தனிமைப்படுத்தல் இருந்தால் என்ன ஆகும் என்பதை அந்தக் கப்பல் உலகுக்குக் கற்பித்தது.

அந்தப் பாடம் மே மாதத்தில் மறக்கப்பட்டது. மே 24ஆம் நாள் சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வெளிநாட்டிலிருந்து வருபவர் விமானத்தில் ஏறுமுன்பே உறுதிமொழி எழுதித் தர வேண்டும்: ஏழு நாள் சொந்தச் செலவில் நிறுவனத் தனிமைப்படுத்தல், பின் ஏழு நாள் வீட்டில். கருவுற்றோர், உறவினரை இழந்தோர், கடும் நோயாளிகள், பத்து வயதுக்குட்பட்ட குழந்தையுள்ள பெற்றோர் ஆகியோருக்கு விலக்கு உண்டு. பணமில்லாமை அந்த விலக்குகளின் பட்டியலில் இடம்பெறவில்லை. பல மாநிலங்கள் இலவச அரசு மையம், கட்டண விடுதி என்று இரு வழிகளை வைத்தன. வசதியுள்ளவருக்குத் தனி அறையும் தனிக் கழிவறையும். இல்லாதவருக்குக் கல்லூரி விடுதியும் வரிசையும். ஆகஸ்ட் 8 முதல், 96 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர் சோதனைச் சான்று இருந்தால் நிறுவனத் தனிமைப்படுத்தலிலிருந்து விலக்குக் கோரலாம் என்றாயிற்று. அந்தச் சோதனைக்கும் பணம் வேண்டும்.

கேரளத்தின் அனுபவம் இவ்விவாதத்துக்கு மிக முக்கியமானது. தொடக்கத்தில் அம்மாநிலம் அரசு மையங்களில் இலவசமாகவே தங்கவைத்தது. வருவோர் எண்ணிக்கை பெருகவே, மே 26ஆம் நாள், இனி தனிமைப்படுத்தல் செலவை வருவோரே ஏற்க வேண்டும் என்று முதலமைச்சர் அறிவித்தார். எதிர்ப்பு எழுந்தது. பல பத்தாண்டுகளாக வளைகுடாவின் வருவாயால் வாழ்ந்த மாநிலம், வெறுங்கையோடு திரும்பும் அதே மக்களிடம் கட்டணம் கேட்பதா என்ற கேள்வி எழுந்தது. மறுநாளே, ஏழைகளுக்குக் கட்டணம் இல்லை என்ற விளக்கம் வந்தது. நிதி நெருக்கடி மெய்யானது. அதைவிட மெய்யானது அந்த ஒரு நாளில் வெளிப்பட்ட நெறிக் கேள்வி.

கட்டணத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்களை எளிதில் தள்ளிவிட முடியாது. முதலாவது, எண்ணிக்கை. வூஹானிலிருந்து வந்தோர் அறுநூற்றைம்பது பேர். ‘வந்தே பாரத்’தில் வந்தோர் பல லட்சம். இரண்டு இராணுவ முகாம்களில் செய்ததை நாடு முழுவதும் செய்ய இயலுமா? இரண்டாவது, நீதி. லண்டனிலிருந்து 50,000 ரூபாயும் அமெரிக்காவிலிருந்து ஒரு லட்சம் ரூபாயும் கொடுத்து வரக்கூடியவரின் அறை வாடகையை, உள்ளூரில் வேலையிழந்து நிற்பவரின் வரிப்பணத்திலிருந்து ஏன் தர வேண்டும்?

இரண்டாவது வாதத்துக்கான விடையிலேயே முதலாவதற்கும் விடை உண்டு. பயணக் கட்டணத்தையும் தனிமைப்படுத்தல் கட்டணத்தையும் வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். பயணத்தின் பயன் பயணிக்கு. ஆகவே வசதியுள்ளவர் அதற்குப் பணம் செலுத்துவதில் முறைகேடு இல்லை. தனிமைப்படுத்தலின் பயன் அவருக்கு உரியதன்று. தொற்று ஏற்கெனவே இருந்தால் அறை அதை நீக்காது; இல்லையென்றால் அந்த நாள்கள் அவருக்கு வெறும் இழப்பு. அவர் அடைபட்டுக் கிடப்பதால் பயனடைவோர் அவருடைய ஊரார், பேருந்தில் அவர் அருகில் அமர்ந்திருக்கக்கூடிய முகமறியாதவர், அந்த மாவட்ட மருத்துவமனை. தன் நாள்களைப் பிறருக்காகக் கொடுப்பவரிடமே அந்த நாள்களுக்கான விலையையும் கேட்பது தலைகீழான கணக்கு. போலியோ சொட்டு மருந்து முகாமில் குழந்தையின் தந்தைக்கு என்ன வருவாய் என்று எவரும் கேட்பதில்லை. ஒரு குழந்தையின் காப்பு எல்லாக் குழந்தைகளின் காப்பு என்பதால்தான் அது எல்லோருக்கும் இலவசம். தனிமைப்படுத்தலும் அந்த வரிசையில் வைக்கப்பட வேண்டியது. தனக்குக் கூடுதல் வசதி வேண்டும் என்பவர் விடுதிக்குப் பணம் கொடுக்கட்டும். அடிப்படைத் தரம் எல்லோருக்கும் ஒன்றாக, கட்டணமின்றி இருக்கட்டும்.

நடைமுறைக் காரணமும் உண்டு. கட்டணம் ஒளிவதைத் தூண்டும். ஏழு நாள் விடுதிச் செலவு ஒரு மாதக் கூலிக்குச் சமமாக இருந்தால், பயண வரலாற்றை மறைப்பவரும், காய்ச்சல் மாத்திரை விழுங்கி வெப்பமானியைக் கடப்பவரும் உருவாவர். அவர்களைக் குற்றவாளிகளாகத் தேடுவதைவிட, மறைக்கத் தேவையில்லாத நிலையை உருவாக்குவது சிக்கனமானது.

நிதி இல்லையா என்றால், வழி இருந்தது. 2020 மார்ச் 14ஆம் நாளிலேயே கோவிட்டை அறிவிக்கப்பட்ட பேரிடராகக் கருதி, தனிமைப்படுத்தும் முகாம்களில் உறைவிடம், உணவு, உடை, மருத்துவம் ஆகியவற்றுக்கு மாநிலப் பேரிடர் நிவாரண நிதியை ஒரு வரம்புக்கு உட்பட்டுச் செலவிட உள்துறை அமைச்சகம் இசைவளித்திருந்தது. தூதரகங்களின் கையில் இந்தியச் சமூக நல நிதி இருந்தது. 2009இல் தொடங்கப்பட்ட இந்நிதிக்கு, தூதரகச் சேவைகளுக்காக வெளிநாடு வாழ் இந்தியர்கள் செலுத்தும் கூடுதல் கட்டணமே முதன்மை ஊற்று. கையறு நிலையில் உள்ளவருக்குப் பயணச்சீட்டு எடுத்துத் தர அதன் விதிகள் இடம் தருகின்றன. தொழிலாளர்கள் தம் கடவுச்சீட்டைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. நெருக்கடி வந்தபோது அது எவ்வளவு தாராளமாகத் திறக்கப்பட்டது என்பது ஆய்வாளர்கள் நாடுவாரியாகத் தேடி எழுத வேண்டிய வரலாறு.

சட்டத்தின் மௌனமும் கவனிக்கத்தக்கது. அரசுகள் பெரிதும் சார்ந்திருந்த 1897ஆம் ஆண்டுத் தொற்றுநோய்கள் சட்டம், பம்பாய்ப் பிளேக்கின்போது காலனிய அரசு இயற்றியது. பயணிகளைச் சோதிக்கவும் ஒதுக்கி வைக்கவும் அது அதிகாரம் தருகிறது. ஒதுக்கி வைக்கப்பட்டவருக்கு என்ன தர வேண்டும் என்று ஒரு சொல்லும் சொல்வதில்லை. மறுபுறம், எவருடைய சொந்த நாட்டுக்குள் நுழையும் உரிமையையும் தன்னிச்சையாகப் பறிக்கலாகாது என்று கூறும் குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் இந்தியா 1979இல் இணைந்தது. கட்டணம் செலுத்த இயலாமையால் ஒருவர் வாசலில் நிற்க நேர்ந்தால், அந்த உரிமை எழுத்தில் மட்டுமே வாழ்கிறது என்று பொருள்.

தமிழர்களுக்கு இது புதிய கதையன்று. கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர்கள் கடல் கடக்குமுன் மண்டபம் முகாமில் தனிமைப்படுத்தப்பட்டனர். இந்திய மண்ணில் அமைந்த அந்த முகாமை நடத்தியது இலங்கை அரசு. தோட்டங்களை நோயிலிருந்து காப்பதே அதன் நோக்கம். தொழிலாளியின் உடல் அங்கே ஐயத்துக்குரிய பொருளாகவே கையாளப்பட்டது. 2020 ஜூன் 2ஆம் நாள் அதே கடலைக் கடந்து கொழும்பிலிருந்து ஏறத்தாழ 700 பேர் ஜலாஷ்வா கப்பலில் தூத்துக்குடிக்கு வந்தனர். இம்முறை அவர்கள் வாக்குரிமை பெற்ற குடிமக்கள். தனிமைப்படுத்தும் முகாமின் வாசலில் அந்த வேறுபாடு தெரிய வேண்டும். மார்ச் இறுதியில் உத்தரப்பிரதேசத்தின் பரேலியில், ஊர் திரும்பிய உள்நாட்டுத் தொழிலாளர்களைச் சாலையில் அமரவைத்துக் கிருமிநாசினி தெளித்தபோது அது தெரியவில்லை.

அடுத்த தொற்று வரும். எந்த நாட்டிலிருந்து என்பதுதான் தெரியாது. அதற்குள் எழுதி வைக்கத்தக்க விதிகள் சில உண்டு. அரசு ஆணையால் விதிக்கப்படும் தனிமைப்படுத்தலுக்கு எவரிடமும் கட்டணம் கூடாது. முகாமின் தரம் கட்டில் எண்ணிக்கையால் அளக்கப்படாமல், கழிவறைக்கு எத்தனை பேர், குழுவுக்கு எத்தனை பேர் என்பதால் அளக்கப்பட வேண்டும். வீட்டில் தனி அறை உள்ளவரைக் கண்காணிப்போடு வீட்டுக்கே அனுப்பினால், இல்லாதவருக்கு நல்ல இடம் மிஞ்சும்; எண்ணிக்கை என்னும் தடைக்கு இதுவே நேரடி விடை. நாள்கூலிக்காரருக்கு அடைபட்ட நாள்களுக்கான ஊதிய ஈடு வேண்டும். தொற்று கண்டு பின்தங்கியவருக்குச் சிகிச்சைத் திட்டமும் திரும்பும் நாளும் எழுத்தில் வேண்டும். முகாமில் சமைப்பவருக்கும் துப்புரவு செய்பவருக்கும் அதே காப்பு வேண்டும்.

வூஹானிலிருந்து வந்த மாணவர்களுக்கு இந்த நாடு செய்தது சலுகையன்று. செய்ய வேண்டியதைச் செய்தது. பந்தர் அப்பாஸ் துறைமுகத்தில் காத்துக் கிடந்த மீனவருக்கும் அபுதாபியில் வேலையிழந்த கொத்தனாருக்கும் உரியது அதே அளவுதான். அதைத் தர முடியும் என்பதை 2020 பிப்ரவரியிலேயே நாடு தனக்குத் தானே காட்டிக்கொண்டது.